விளக்கணைத்த வகுப்பு

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் லிண்டா அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தாள். பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் மாணவர் உதவிப் பிரிவு என்று ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கே போய், பொறுப்பாளர் அனீஸாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு விரிவுரையாளர் விளக்கை அணைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறார், தனக்கு ஒன்றும் விளங்குவதில்லை என்று சொன்னாள். தன் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அந்த விரிவுரையாளர் அவளைப் பெற்றவர்.

இந்த வாரம் புதிதாக வந்து சேருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து வாசிக்கிறவர்கள் அதற்குள் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொள்ளலாம்.

லிண்டாவுக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, செவிப்புலன் தப்பவில்லை. வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில் மிச்சமிருப்பதற்கு ஒரு கருவி மாட்டியிருக்கிறாள். அது சத்தத்தைப் பெரிதாக்கும், வார்த்தையைப் பிரித்துத் தராது. மின்விசிறி, கதிரை இழுபடுவது, பின்வரிசைச் சிரிப்பு எல்லாம் ஒரே கூட்டமாக வந்து காதில் விழும். அதனால் அவள் பாதியைக் காதாலும் மீதியைக் கண்ணாலும் கேட்கிறாள். எதிரே இருப்பவரின் உதடு தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் அந்த மனிதர் அவளுக்கு வெறும் இரைச்சல்தான்.

இதை அவளுடைய அப்பா டக்ளஸை விட நன்றாக அறிந்தவர் உலகத்தில் கிடையாது. வீட்டுக்குள் சட்டம் போட்டவரே அவர்தான். லிண்டாவிடம் பேசுமுன் தோளைத் தொட வேண்டும். முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். அடுத்த அறையிலிருந்து கத்தக் கூடாது. கரண்ட் போனால் டக்ளஸ் கைபேசி வெளிச்சத்தைத் தன் முகத்துக்கே அடித்துக்கொண்டு மகளோடு பேசுவார். கீழேயிருந்து விழுகிற வெளிச்சத்தில் அவர் பேய் மாதிரி இருப்பார். லிண்டா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் வகுப்பில் விளக்கை அணைக்கிறார். ஏன் என்றால், அவர் புவியியல் விரிவுரையாளர். மலைநாட்டு மண்சரிவுகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். சரிவு விழுந்த மலைகளின் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாக விட்டு, மண்டபத்தை இருட்டாக்கி, படத்தைப் பார்த்தபடி, மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார். அந்த இருட்டில் அவர் குரல் மட்டும் வரும். டக்ளஸ் சேரின் மண்சரிவு லெக்சர் என்றால் வேறு துறைப் பிள்ளைகளும் வந்து படியில் உட்கார்ந்து கேட்பார்கள். அவருக்கும் அதில் பெருமை உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது.

போன வருடம், முதல் நாள், கெம்பஸ் வாசலில் காரை நிறுத்தி மகள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார்.

"இந்த கேட்டுக்கு உள்ள நான் ஒனக்கு டடி இல்ல, சேர். வெளங்குதா? சேரோட மகள்ங்கிறதால இவளுக்கு இது கெடைச்சதுன்னு ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது. எந்தச் சலுகையும் கேக்காத."

லிண்டா தலையாட்டினாள். அப்போது அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

டக்ளஸைக் குறை சொல்லுமுன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் புசல்லாவைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். அவருக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று பேசியவர்களுக்கு மத்தியில் அந்தப் படிப்பைப் படித்தார். சலுகை என்ற வார்த்தை காதில் விழுந்தால் சோற்றில் கல் கடிபட்டது போல முகம் சுளிப்பார்.

இருட்டில் உட்கார்ந்து லிண்டா எப்படிப் பாஸ் பண்ணினாள் என்றால், அதற்குக் காரணம் நிரஞ்சன். கெம்பஸில் குப்பி என்றொரு வழக்கம் உண்டு. பாடம் விளங்கிய மாணவன் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. நிரஞ்சனும் புசல்லாவைப் பக்கம்தான். டக்ளஸ் சேர் சொன்னதை அவன் கேன்டீன் யன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், லிண்டாவின் முகத்தைப் பார்த்து அப்படியே சொல்லுவான். சேர் மாதிரி மூக்குக் கண்ணாடியைத் தூக்குவதும் சேர்த்துத்தான். சில வாசகிகள் இந்த நிரஞ்சனைப் பற்றி வேறு விதமாக விசாரிக்கிறார்கள். அதற்கு இந்த வாரம் இடமில்லை.

நிரஞ்சன் இனிப் பொருளியல் பக்கம் போகிறான். சிறப்புப் பட்டத்துக்கு எந்தப் பாடம் என்பதை மாணவர்கள் அலுவலகத்தில் பதிய வேண்டிய கடைசி நாள் வந்துவிட்டது. லிண்டாவுக்குப் புவியியல்தான் ஆசை. ஆனால் குப்பி இல்லாமல், இருட்டில், அந்தப் பாடத்தை அவளால் படிக்க முடியாது. அதனால்தான் அனீஸாவிடம் போனாள். அனீஸா அந்த விஷயத்தைத் துறைக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

கூட்டமும் பதிவும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. அந்த நாள்தான் இந்த அத்தியாயம்.

*

கட்டுகஸ்தோட்டை வீட்டில் அன்று காலை இடியப்பமும் சொதியும். டக்ளஸ் மகளின் தோளைத் தொட்டார். அவள் நிமிர்ந்தாள்.

"இன்னைக்குத்தானே கடைசி நாள்? என்ன பாடம்னு முடிவு பண்ணிட்டியா?"

"பின்னேரம்தான் டடி குடுக்கணும்."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். புவியியல் எடுன்னும் சொல்லமாட்டேன், எடுக்காதன்னும் சொல்லமாட்டேன். டக்ளஸ் தன் மகளத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாருன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

வாய் அப்படிச் சொன்னது. முகம், எடு, எடு என்று கெஞ்சியது. முகத்தைப் பார்த்துப் பிழைக்கிறவளிடம் இதை மறைக்க முடியுமா? லிண்டா இடியப்பத்தைப் பிசைந்தாள்.

லிண்டாவின் அம்மா பியட்றிஸ் சொதிச் சட்டியை மேசையில் வைத்தாள். அவள் கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் லிண்டா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டடிக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

"ஒங்களுக்கு இன்னைக்கு என்னமோ கூட்டம்னீங்களே?"

"ஆமா. அனீஸா ஏதோ புது ஒழுங்கு கொண்டு வர்றாங்களாம். காது கேக்காத பிள்ளைங்க, கண்ணு தெரியாத பிள்ளைங்க, வருத்தக்காரப் பிள்ளைங்க, இவங்களுக்கெல்லாம் எப்பிடிப் பாடம் நடத்தணும்னு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். யாரு வேணாம்னா?"

"கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

"நான் என்னைக்கு யோசிக்காமப் பேசியிருக்கேன்?"

இதற்குப் பியட்றிஸிடம் பதில் நிறைய இருந்தது. கல்யாணமான வருடத்திலிருந்து சேர்த்து வைத்தவை. ஒன்றையும் எடுக்காமல் சட்டியைத் திருப்பிக் கொண்டுபோனாள்.

டக்ளஸ் காரில் புறப்பட்டார். லிண்டா நடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போனாள். இரண்டு பேரும் போவது ஒரே இடத்துக்குத்தான். ஆனாலும் மகள் சேரின் காரில் வந்து இறங்கினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? ஆகவே அவள் கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போகிறாள். பாலத்தடி நெரிசலில் அப்பாவின் கார் அவளைத் தாண்டிப் போகும். டக்ளஸ் கையை மட்டும் இலேசாகத் தூக்குவார். அன்றைக்கும் தூக்கினார்.

*

தமிழ்மொழி மூல விரிவுரையாளர்களின் கூட்டம் துறைத் தலைவர் மோகனராஜின் அறையில் நடந்தது. மோகனராஜ் யாழ்ப்பாணத்தவர். கண்டிக்கு வந்து வெகுகாலமாகிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை.

அனீஸா முதலில் கொண்டுவந்தது, முதுகெலும்பில் ஒப்பரேஷன் செய்த ஒரு மாணவியின் விஷயம். அவளுடைய வகுப்புகளை மூன்றாம் மாடியிலிருந்து கீழே கொண்டுவர வேண்டும். எல்லோரும் உடனே சம்மதித்தார்கள். வேறொருவர் மேசை தூக்க வேண்டிய வேலை என்றால் சம்மதம் சீக்கிரமே வரும். சீனி வருத்தம் உள்ள ஒருவன் வகுப்பில் பிஸ்கட் சாப்பிடுவதற்கும் யாரும் குறுக்கே நிற்கவில்லை.

"அடுத்தது, நாங்க லெக்சர் நடத்துற விதம்," என்றார் அனீஸா. "படம் காட்டுறப்போ எல்லா லைட்டையும் ஓஃப் பண்ண வேணாம், முன்னுக்கு ஒரு வரிசையாவது எரியட்டும். திரையப் பார்த்துக்கிட்டுப் பேச வேணாம், பிள்ளைகளப் பார்த்துப் பேசுங்க. பின்னுக்கு இருந்து ஒரு பிள்ள கேள்வி கேட்டா, அத ஒருக்கா நீங்க திருப்பிச் சொல்லிட்டுப் பதில் குடுங்க. இதுக்கெல்லாம் ஒரு சதம் செலவில்ல."

"ஓம், இதில பிழையொண்டும் எனக்குத் தெரியேல்லை," என்றார் மோகனராஜ்.

டக்ளஸ் கண்ணாடியைத் தூக்கிவிட்டார்.

"இதக் கேட்டது யாரு?"

"ஒரு பிள்ள, சேர்."

"எந்த வகுப்பு?"

"பேரும் செல்ல ஏலாது, வகுப்பும் செல்ல ஏலாது. அப்பிடி வாக்குக் குடுத்திருக்கேன்." அனீஸாவின் வாயில் சொல்ல என்பது செல்ல என்றுதான் வரும்.

விளக்கை அணைத்துப் பாடம் நடத்துகிறவர் அந்தத் துறையில் ஒருவர்தான். அந்த ஒருவரின் வகுப்பில் காது கேளாத பிள்ளையும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. அறையில் இருந்த எல்லோரும் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள், டக்ளஸைத் தவிர. அவர் மனதில் லிண்டா வேறு கணக்கு. தன் மகளுக்கு ஒரு குறை இருந்தால் அது முதலில் தன்னிடம்தான் வரும் என்று அவர் நம்பியிருந்தார். அந்தக் குறையே தானாக இருக்கலாம் என்று எந்த அப்பாவுக்குத் தோன்றும்?

"நான் வெளிப்படையாப் பேசுறேன்," என்றார் டக்ளஸ். "லைட்டு எரிஞ்சா படம் வெளுத்துப் போகும். மண்ணுல வெடிப்பு எங்க தொடங்குதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாது. ஒரு ஆளுக்காக மண்டபம் பூராவும் நட்டப்படணுமா? நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்ல. என் மகளையே எடுத்துக்கங்க."

மோகனராஜ் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். அது காலியாகி நேரமாகிவிட்டது.

"லிண்டாவுக்குக் காது கேக்காதுன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும். அவ இதே மண்டபத்துல, இதே இருட்டுல, ஒரு வருசமா உக்காந்திருக்கா. ஒரு நாளாவது வெளங்கலன்னு சொல்லியிருப்பாளா? இல்ல. பரீட்சை முடிவு என்ன? ஏ. அவ தாள நான் கையால தொடல்ல, மோகனராஜ்தான் திருத்தினார். மனசு வச்சா முடியும்னு காட்டிட்டா. அந்தப் பிள்ளைக்குக் கஷ்டம்னா, என் மகள்கிட்ட வந்து எப்பிடின்னு கத்துக்கட்டும்."

யாரோ இருமினார்கள். மற்றவர்கள் யன்னலைப் பார்த்தார்கள்.

அனீஸா மெல்லக் கேட்டார்: "சேர், மகள்கிட்ட எப்பயாவது கேட்டீங்களா?"

"என்னத்த?"

"வெளங்குதான்னு."

"வெளங்காட்டி அவளே சொல்லியிருப்பா. எங்க வீட்டுல ஒளிவு மறைவு கெடையாது."

கொடுத்த வாக்கு அனீஸாவின் வாயைக் கட்டிப் போட்டது. மோகனராஜ் கோப்பையை வைத்தார்.

"சரி, இதை வாற புதன்கிழமைக்கு வைப்பம். அண்டைக்கு எல்லாரும் யோசிச்சுக்கொண்டு வாங்கோ, ஒரு முடிவெடுப்பம்."

கலைந்து போகும்போது மோகனராஜ் விறாந்தையில் டக்ளஸின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"டக்ளஸ், ஒருக்காப் பிள்ளையோட இருந்து ஆறுதலாக் கதையுங்கோவன்."

"பாடத் தெரிவு விஷயமா? இல்ல சேர், அதுல நான் தலையே போடுறதில்ல. அவ இஷ்டம்."

மோகனராஜ் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனிதர்தான். அன்றைக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

*

லிண்டா உதவிப் பிரிவு அறையின் வாசலில் காத்திருந்தாள். அனீஸா வந்ததும் எழுந்து நின்றாள்.

"என்னாச்சு மிஸ்?"

"புதன்கிழமைக்குத் தள்ளி வச்சிட்டாங்க மகள்." எல்லா மாணவிகளையும் அனீஸா மகள் என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன்? யாரும் வேணாம்னாங்களா?"

அனீஸா அலுமாரியைத் திறந்து எதையோ தேடினார். தேடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. "கூட்டத்துல ஆரு என்ன பேசினாங்கன்னு வெளிய செல்ல ஏலாது," என்று அலுமாரிக்குள் பார்த்தபடியே சொன்னார்.

லிண்டாவுக்கு அதில் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. ஆனால் அனீஸா மிஸ் ஒருபோதும் இவளுக்கு முகத்தை மறைத்துப் பேசியதில்லை. இன்றைக்கு மறைக்கிறார் என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்.

"டடி என்ன சொன்னாங்க மிஸ்?"

அனீஸா சட்டென்று திரும்பினார். திரும்பிய பிறகுதான் தான் செய்த பிழை தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்க மகள். நான் ஒண்ணும் செல்ல ஏலாது."

"பரவால்ல மிஸ். வெளங்கிருச்சு."

"இன்னும் ஒரு கிழமைதானே? புதன்கிழமை நான் விடமாட்டேன், பாருங்க."

"எனக்கு இன்னைக்குத்தான் மிஸ் கடைசி நாள்."

அனீஸா அவள் கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. சற்று நேரத்தில் விட்டார்.

அலுவலகத்துக்கு வெளியே பாடத்துக்கு ஒரு வரிசை. புவியியல் வரிசையில் ஆட்கள் கொஞ்சம்தான். பொருளியல் வரிசை படிக்கட்டு வரை வளைந்து போனது. வங்கி வேலைக்கு அதுதான் நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். லிண்டா புவியியல் வரிசையின் முடிவில் போய் நின்றாள். முன்னால் இரண்டு பேர் பதிந்துவிட்டுப் போகும் வரை நின்றாள். பிறகு விலகி வந்து படிக்கட்டில் நிரஞ்சனுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள்.

நிரஞ்சன் திரும்பி, முகத்தைக் காட்டிக் கேட்டான்.

"நீ அந்தப் பக்கம்தானே? இங்க ஏன் நிக்கிற?"

"பொருளியல் எடுக்கப் போறேன்."

"கடுகண்ணாவைக்குப் போனப்போ அந்தச் சரிவுல நின்னுக்கிட்டு நீதானே சொன்ன, இதத்தான் படிப்பேன்னு?"

கள ஆய்வுக்குக் கடுகண்ணாவைக் கணவாய்க்குப் போன நாள் அது. றோட்டோரம், வெட்டவெளியில், டக்ளஸ் சேர் மலையைப் பின்னால் வைத்துக்கொண்டு மாணவர்களைப் பார்த்துப் பேசினார். தண்ணீர் எப்படி மண்ணுக்கடியில் வழி தேடுகிறது, மரங்கள் ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து முன்கூட்டியே காட்டிக்கொடுக்கின்றன என்றெல்லாம் சொன்னார். லிண்டாவுக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை. தன் அப்பா இவ்வளவு நல்ல வாத்தியார் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சொன்னேன்," என்றாள்.

"அப்புறம் என்ன?"

"அங்க வெயில் அடிச்சிச்சு."

நிரஞ்சனுக்கு விளங்கியது. அவன் விலகி அவளைத் தனக்கு முன்னால் விட்டான். பிறகு, "எனக்காக வர்றியோன்னு நெனச்சேன்," என்று கேலியாகச் சொல்லப் பார்த்து, பாதியில் முகம் சிவந்தான்.

"ஒன் குப்பிக்காக."

அவள் முறை வந்தது. பெயரைச் சொல்லி, பொருளியல் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. லிண்டாவுக்குத் தாங்க முடியாத துக்கம். கண்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். யன்னலுக்கு வெளியே மலைகள் வந்தன. அவற்றைப் பார்க்கப் பிடிக்காமல் காலடியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

டக்ளஸ் வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு பை. கட்டுகஸ்தோட்டைக் கடையில் மீன் வைத்த மாலுபாண் சூடாக வாங்கி வந்திருந்தார். அவர் மாலுபாண் வாங்கினால் மனம் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பியட்றிஸ் பையை வாங்கிக்கொண்டு தட்டு எடுக்கப் போனாள்.

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். டக்ளஸ் மகளின் தோளைத் தொட்டார்.

"இன்னைக்கு கூட்டத்துல ஒன்னப் பத்திப் பேசினேன்."

லிண்டா அவரைப் பார்த்தாள்.

"யாரோ ஒரு பிள்ள போய் முறைப்பாடு. இருட்டுல வெளங்கலையாம். அனீஸா பேரச் சொல்லமாட்டேங்கிறாங்க. நான் விடல்ல. என் மகளப் பாருங்கன்னேன். அவ ஒரு வருசமா அதே இருட்டுல உக்காந்து ஏ எடுத்திருக்கா, ஒரு நாள் கூட முனகினதில்லன்னேன். எல்லாரும் கப்சிப். ஒருத்தருக்கும் பதில் சொல்ல முடியல்ல."

நல்ல வெளிச்சம். நேருக்கு நேர் முகம். நிதானமாக, உதடு பிரித்துச் சொன்னார். லிண்டாவுக்கு ஓர் எழுத்து விடாமல் வந்து சேர்ந்தது. பியட்றிஸ் மாலுபாணைத் தட்டில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் துடைத்தாள்.

"அது நான்தான் டடி."

"என்ன நீதான்?"

"அனீஸா மிஸ்கிட்டப் போன பிள்ள. நான்தான்."

டக்ளஸ் சிரித்தார். மகள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். சிரிப்போடு பியட்றிஸைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்க வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"நீ ஏ எடுத்த."

"நிரஞ்சன் குப்பி குடுத்தான். நீங்க சொன்னது எல்லாத்தையும் அவன் கேன்டீன்ல வச்சு எனக்குத் திருப்பிச் சொன்னான். ஒங்க பாடத்த நான் ஒங்ககிட்டப் படிக்கல்ல."

"அப்ப என் வகுப்புல?"

"படம் பார்த்தேன். நல்ல படங்க."

லிண்டா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் டக்ளஸுக்கு அதிகமாக வலித்தது. காலையில் அத்தனை பேருக்கு முன்னால் தான் நெஞ்சை நிமிர்த்தி நின்றது ஞாபகம் வந்தது. எல்லோரும் யன்னலைப் பார்த்தது ஞாபகம் வந்தது. மோகனராஜ் கையைப் பிடித்தது எதற்கென்று இப்போது புரிந்தது. அவர் முகம் கறுத்துப் போனது.

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"எங்க வச்சுச் சொல்றது? கேட்டுக்கு உள்ள நீங்க டடி இல்லன்னீங்க. வீட்டுல நீங்க சேர் இல்ல."

டக்ளஸ் வேறு எதற்கோ பயந்தவர் போல அவசரமாகக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன பாடம் பதிஞ்ச?"

"பொருளியல்."

அவர் கையிலிருந்த மாலுபாணைக் கீழே வைத்தார்.

"அத மாத்தலாம்," என்றார் டக்ளஸ். குரல் திடீரென்று உயர்ந்தது. "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அலுவலகத்துல இருக்கிறவரு எனக்கு வேண்டியவரு. காலைல மொத வேலையா நானே போறேன். மோகனராஜ்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டா, கடைசி நாள் முடிஞ்சிருந்தாலும் ஒன் பேர மட்டும் அங்கேருந்து எடுத்து இங்க போட்டுருவாங்க. யாருக்கும் தெரியப் போறதில்ல. நான் சொன்னா செய்வாங்க."

"டடி."

"என்ன?"

"இதுதான் சலுகை. நான் ஒங்ககிட்டக் கேட்டது லைட்டு."

டக்ளஸ் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகம் வேறு யாரோ ஒருவருடையது போல இருந்தது. பியட்றிஸுக்குக் கணவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து விட்டுவிடுகிற நாளல்ல அது. அவள் மகளுக்கும் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை அதே ஆளுங்க முன்னால போய் என்ன சொல்லப் போறீங்க?"

லிண்டா அப்பாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.